ஜிம்ப் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது

எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பள்ளி விழாச் சுவரொட்டிகளையும் கையெழுத்து இதழின் அட்டையையும் கணினி ஆய்வகத்தில் ஜிம்ப் மென்பொருளில்தான் வடிவமைக்கிறார்கள். 2025 மார்ச்சில் ஜிம்ப் 3.0 வெளிவந்தது. உடனே எல்லாக் கணினிகளிலும் நிறுவச் சொல்லி நச்சரிப்பார்கள். கொஞ்சம் பொறுக்கலாம்.

எங்கிருந்து பதிவிறக்குகிறோம் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. 2022இல் கூகுளில் ஜிம்ப் எனத் தேடியவர்களுக்கு அசல் முகவரியைக் காட்டிய விளம்பரம் ஒன்று வந்தது. சொடுக்கியவர்கள் போய்ச் சேர்ந்ததோ போலித் தளத்துக்கு! அங்கே கிடைத்தது 'விடார்' என்ற தீநிரல். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடுவது அதன் வேலை. எமிஸ் தளத்தில் நாம் நுழைவதும் பல பள்ளிகளில் அதே கணினியில்தானே? அதனால் நான் தேடுவதே இல்லை. 'ஜிம்ப் டாட் ஆர்க்' முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்துவிடுகிறேன்.

அடுத்து, மாணவர்களின் கோப்புகள். 3.0இல் வடிகட்டி விளைவுகளைப் படத்தில் நிரந்தரமாகப் பதிக்காமல், பின்னரும் மாற்றும்படி வைத்துக்கொள்ளலாம். அப்படிச் சேமித்த எக்ஸ்சிஎஃப் கோப்பு பழைய 2.10இல் திறக்காது. பாதிக் கணினிகளை மட்டும் புதுப்பித்தால், திங்களன்று வரைந்ததை வியாழனன்று வேறு கணினியில் திறக்க முடியாமல் ஒரு மாணவி தவிப்பாள்.

ஆகவே விடுமுறையில், கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுத்த பிறகு, ஒரு கணினியில் மட்டும் நிறுவுகிறேன். பழைய கோப்புகள் நான்கைந்தைத் திறந்து தமிழ் எழுத்துருக்கள் சிதையாமல் வருகின்றனவா என்று பார்க்கிறேன். 2.10க்கென எழுதப்பட்ட செருகுநிரல்கள் பல 3.0இல் இயங்குவதில்லை, பழைய நிறுவல் கோப்பை அழித்துவிடாதீர்கள்.