பங்குனி வெயிலில் புங்கன் தளிர்ப்பது ஏன்?
மழை, ஒளி, இலை: ஒரு பாடத் துணைக் கட்டுரை

'மரம் வளர என்னென்ன தேவை?' என்று கேட்டால், தொடக்க வகுப்பு மாணவர்கூடத் 'தண்ணீர், வெயில், காற்று' என்று சொல்லிவிடுவார். 'அப்படியானால் மழை கூடினால் வளர்ச்சியும் கூடுமா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் 'கூடும்' என்றே விடை வரும். பள்ளி வளாகத்தில் நிற்கும் புங்கன் மரமோ வேறொன்றைச் சொல்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது பெரிதாகத் தளிர்ப்பதில்லை. மாசியில் இலை உதிர்த்து, மழையே இல்லாத பங்குனியில்தான் மரம் முழுதும் பளபளவென்று துளிர் விடுகிறது.

இதைக் கவனித்த மாணவர் ஒருவர், 'மரம் வெயில் காலத்தில் தளிர்க்கும்' என்று எழுதினால் அதைத் தவறு என்று அடித்துவிடலாமா? அடிப்பதற்கு முன் இலைக்குள் நடக்கும் வரவு செலவைப் பார்ப்போம்.

இலையின் வரவு செலவு

இலையின் அடிப்பரப்பில் உள்ள இலைத்துளைகள் வழியாகவே கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருகிறது. அதே வழியாக நீராவி வெளியேறுகிறது. ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடைப் பெற, இலை நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளை இழக்கிறது. மண்ணில் ஈரம் குறையும்போது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் காப்புச் செல்களுக்குச் செய்தி சொல்கிறது, துளைகள் மூடிக்கொள்கின்றன. நீர் மிச்சமாகிறது, உணவுத் தயாரிப்போ குறைகிறது. வறட்சி நீண்டால் இலைகளையே உதிர்த்துவிடுவது சில மரங்களின் வழி.

ஒளியின் கணக்கு வேறு. ஒளி கூடக் கூட ஒளிச்சேர்க்கை வேகமும் கூடும்; ஓர் அளவுக்குப் பின் வேகம் கூடாது. உச்சியில் உள்ள இலை நண்பகல் வெயிலில் இந்த எல்லையை எளிதில் எட்டிவிடும். ஆனால், மரம் என்பது ஓர் இலை அல்லவே. அடுக்கடுக்கான இலைகளில் மேலடுக்கு கீழடுக்கை மறைக்கிறது. அடர்ந்த மழைக்காட்டில் தரையை எட்டுவது உச்சியில் விழும் ஒளியில் 1 அல்லது 2 விழுக்காடுதான். எனவே வானம் மூட்டமானால் மரத்தின் மொத்த வருவாய் குறைகிறது.

இங்கேதான் சிக்கல். மழை வேண்டுமானால் மேகம் வேண்டும். மேகம் வந்தால் ஒளி குறையும். எது பற்றாக்குறையோ அதுவே வளர்ச்சியின் வேகத்தைத் தீர்மானிக்கும். மேல்நிலை வகுப்பில் நாம் நடத்தும் பிளாக்மேனின் கட்டுப்படுத்தும் காரணிகள் விதி (1905) இதுதான்.

தண்ணீர் பற்றாத காடு: முதுமலை

நீலகிரி மாவட்டத்து முதுமலையில் இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 1988ஆம் ஆண்டு முதல் 50 ஹெக்டேர் காட்டுப் பரப்பில் மரங்களை அளந்து வருகின்றனர். அங்கே 1 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு. இது வறண்ட இலையுதிர் காடு. தேக்கு போன்ற மரங்கள் கோடையின் வறட்சியில் இலையின்றி நிற்கின்றன. அப்போது வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெயிலைப் பயன்படுத்த இலையில்லை. தண்டு பருப்பதெல்லாம் பெரும்பாலும் மழை மாதங்களில்தான். தேக்கின் ஆண்டு வளையங்களிலிருந்து பழைய மழை அளவை அறிவியலாளர்கள் கணிக்க முடிவது இதனால்தான். இங்கே கட்டுப்படுத்தும் காரணி நீர்.

ஒளி பற்றாத காடு: பனாமா

மத்திய அமெரிக்காவின் பனாமாவில், கால்வாய்க்காக உருவான காட்டுன் ஏரியின் நடுவே பாரோ கொலராடோ என்ற தீவு உள்ளது. ஆண்டு மழை ஏறத்தாழ 2,600 மி.மீ. டிசம்பர் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம். 1986 முதல் சில ஆண்டுகள், வறண்ட மாதங்களிலும் காட்டின் இரு பகுதிகளுக்குக் குழாய் வழியே நீர் பாய்ச்சிப் பார்த்தனர். மண் ஈரமாகவே இருந்தது. ஆனாலும் பெரும்பாலான மர இனங்கள் வழக்கமான காலத்திலேயே இலை உதிர்த்தன. நீர்க்குறைவு மட்டுமே இலையுதிர்வுக்குக் காரணம் என்ற எண்ணம் இதனால் ஆட்டம் கண்டது.

அடுத்து ஒளியைச் சோதித்தனர். பனாமா நகரையொட்டிய காட்டில், உயரமான கிரேன் ஒன்றின் உதவியோடு மர உச்சிக் கிளைகளுக்கு மேல் சக்தி வாய்ந்த விளக்குகளைப் பொருத்தினர். மழைக்காலத்தின் மேகமூட்ட வேளைகளில் விளக்குகள் எரிந்தன. கூடுதல் ஒளி பெற்ற கிளைகள் அதிகக் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு அதிகமாக வளர்ந்தன. 2003இல் வெளியான இந்த ஆய்வு, மழைக்காலத்தில் அம்மரத்தின் வளர்ச்சியை ஒளிக்குறைவே தடுக்கிறது என்று காட்டியது.

புங்கனின் விடை

தளிர்ப்பதற்கு மேலிருந்து மழை பெய்தே ஆக வேண்டும் என்பதில்லை; மரத்துக்குள் நீர் இருந்தால் போதும். பழைய இலைகள் உதிர்ந்ததும் நீராவிப்போக்கு குறைகிறது. ஆழ வேர் எடுத்துத் தரும் நீர் தண்டில் சேர்கிறது, மொட்டுகள் விரிகின்றன. மார்ச் மாதத்தில் பகல் நீள்வதும் ஒரு தூண்டுதல் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மேகமில்லா வானத்தின் ஒளி முழுவதும் புதிய இலைகளுக்குக் கிடைக்கிறது. முதிர்ந்த இலையைவிட, அண்மையில் விரிந்து முழு வளர்ச்சி பெற்ற இலையின் ஒளிச்சேர்க்கைத் திறன் அதிகம். ஆக, அந்த மாணவர் எழுதியது தவறன்று. 'எந்த மரம், எந்த ஊரில்?' என்ற கேள்வியைச் சேர்த்துவிட்டால் அது நல்ல விடை.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. இலை நாட்குறிப்பு: ஒரு புங்கன், ஒரு வேம்பு, ஒரு மா மரத்தில் எட்டும் உயரத்தில் ஐந்தைந்து கிளைகளுக்கு வண்ண நூல் கட்டுங்கள். வாரந்தோறும் தளிர், முதிர்ந்த இலை, பழுத்த இலை ஆகியவற்றை எண்ணிக் குறிக்கட்டும். அதே தாளில் மழை அளவும், வானம் தெளிவா மூட்டமா என்பதும் இடம்பெறட்டும். ஓராண்டு முடிந்ததும் வரைபடம் வரையலாம்.

2. வெயில் இலை, நிழல் இலை: ஒரே மாமரத்தின் வெளிப்புறக் கிளையிலிருந்தும் உள் நிழலிலிருந்தும் பத்துப் பத்து முதிர்ந்த இலைகள் எடுத்து, வரைபடத்தாளில் பரப்பளவு காணுங்கள். பத்தையும் அடுக்கித் தடிமனை அளந்து பாருங்கள். வெயில் இலை பொதுவாகத் தடித்திருக்கும். அதில் பாலிசேடு செல்கள் மிகுதி.

3. நீராவிப்போக்கு: வெயிலில் ஒன்றும் நிழலில் ஒன்றுமாக, ஒரே எண்ணிக்கை இலையுள்ள இரு கிளைகளைப் பாலித்தீன் பையால் மூடிக் கட்டி, ஒரு மணி நேரம் கழித்துச் சேர்ந்த நீரை அளக்கலாம். பிறகு பையை நீக்கிவிட வேண்டும்.

தண்டின் சுற்றளவை அளப்பதாயின் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், ஒரே இடத்தில் அளக்க வேண்டும். வறட்சியில் தண்டு நீரிழந்து சற்றுச் சுருங்கலாம். எண் குறைந்தால் மாணவர் பிழை செய்ததாக முடிவு கட்ட வேண்டாம்.

சிந்திக்க வைக்கும் வினாக்கள்

• கட்டடத்தின் நிழலில் நட்ட கன்று வாடுகிறது. தினமும் இரு குடம் நீர் ஊற்றியும் வளரவில்லை. எந்தக் காரணி தடுக்கிறது? இன்னும் நீர் ஊற்றினால் வேருக்கு என்ன ஆகும்?

• முதுமலையின் தேக்குக்கு மழைக்காலத்தில் விளக்கு வைப்பதும், கோடையில் நீர் பாய்ச்சுவதும் ஒரே பலன் தருமா?

• மழை நாட்கள் குறைந்து வெயில் நாட்கள் கூடினால், எல்லாக் காடுகளும் ஒரே வகையில் பாதிக்கப்படுமா?

இவ்வினாக்களுக்கு ஒரே வரியில் விடை கிடையாது. 'இந்த இடத்தில் எது பற்றாக்குறை?' என்று கேட்டு விடை தேடும் மாணவருக்கு முழு மதிப்பெண் தரலாம். பள்ளியில் கன்று நடும்போதும் குழி தோண்டுமுன் அதே கேள்வியை மாணவர்களே கேட்கட்டும். இடத்தையும் அவர்களே தேர்வு செய்யட்டும்.