ஹெவிவெயிட் வேட்பாளர் எத்தனை கிலோ?

கேள்வி: எங்கள் பக்கம் கபடிப் போட்டி நோட்டீஸிலேயே '60 கிலோ எடைப்பிரிவு' என்று போட்டுவிடுவார்கள். பையன்கள் முதல்நாள் ராத்திரி பட்டினி கிடந்து, காலையில் சட்டையைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறுவார்கள். அது புரிகிறது. தேர்தல் வந்தால் ஒல்லியான தலைவரைக்கூட 'ஹெவிவெயிட் வேட்பாளர்' என்கிறார்களே, அவரை எந்த மெஷினில் ஏற்றினார்கள்?
- வாசகர், பெரக்கரை நாடு, கொல்லிமலை

பதில்: நோட்டீஸில் உள்ள 60 கிலோ மேல்வரம்பு. அதைத் தாண்டினால் ஆட்டத்தில் இடமில்லை. ஹெவிவெயிட் இதற்கு நேர்மாறு. தொழில்முறைக் குத்துச்சண்டையில் இன்று 200 பவுண்டைத் (90.7 கிலோ) தாண்டியவர் பொதுவாக ஹெவிவெயிட்தான், அதற்கு மேல் எல்லையே கிடையாது. 2005-ல் உலகப் பட்டம் வென்ற ரஷ்யாவின் நிகோலாய் வாலுயேவ் 140 கிலோவுக்கும் மேல்!

அந்த அடிவரம்பும் எப்போதும் 200 பவுண்டாக இருந்ததில்லை. ராக்கி மார்சியானோ காலத்தில் 175 பவுண்டைத் தாண்டினாலே போதும். அவர் எடை சுமார் 85 கிலோ. 1952-ல் ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்து, 49 பந்தயங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் 1956-ல் ஓய்வு பெற்றார். அதே உடம்போடு இன்று வந்தால், 'கீழே உள்ள க்ரூஸர்வெயிட் பிரிவுக்குப் போங்கள் ஐயா' என்று அனுப்பிவிடுவார்கள்.

மேலே வேறு பிரிவே இல்லை என்பதால்தான் பத்திரிகைகளுக்கு இந்தச் சொல் பிடித்துப்போனது. நமக்கும் புதிதல்ல. 'கனம் கோர்ட்டார் அவர்களே' என்றோம். 'வெயிட்டான கை' என்கிறோம். வேட்பாளருக்கு வெயிட் என்பது கட்சிப் பதவி, பழைய வெற்றிகள், சாதி ஓட்டு, செலவழிக்கும் தெம்பு.

ஆனால் அரசியல் இந்தச் சொல்லில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. குத்துச்சண்டையில் எடைப்பிரிவு வைத்ததே, பெரிய உடம்பும் சின்ன உடம்பும் மோதக்கூடாது என்பதற்காக. 1909-ல் லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டுப் பிரிவுகளை வரையறுத்தது. தேர்தலில் அப்படி எதுவும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே களம். 1967-ல் விருதுநகரில் நின்ற காமராஜரைவிட ஹெவிவெயிட் யார்? ஒன்பது ஆண்டுகள் முதல்வராக இருந்தவர், இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்நின்றவர். அவரை வென்றது பெ. சீனிவாசன் என்ற இளம் மாணவர் தலைவர். வித்தியாசம் 1,285 ஓட்டு. குத்துச்சண்டை நடுவர் யாரும் இந்த ஜோடியை மேடையேற்றியிருக்க மாட்டார்.

'லைட்வெயிட்' என்பதை 'விஷயமில்லாதவர்' என்ற பொருளில் எழுதுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. அதுவும் முழு உலகப் பட்டம் உள்ள பிரிவு, வரம்பு 61.2 கிலோ. பனாமாவின் ரொபெர்த்தோ துரான் 1972-ல் அந்தப் பட்டத்தை வென்றார். மேல் பிரிவுக்குப் போக 1979-ல் அவராக விட்டுக்கொடுக்கும்வரை அதை யாராலும் பறிக்க முடியவில்லை. அந்த லைட்வெயிட்டுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'கல் கைகள்'.