மழைக்காலத்தில் சைக்கிள் ஓட்டும் முறை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால், விடியுமுன் சைக்கிளில் பால் சங்கத்திற்குப் பால் கொண்டுசெல்லும் அங்கத்தினர் மிகுந்த ஜாக்கிரதையுடன் இருத்தல் வேண்டும். 20 லிட்டர் கொள்ளும் பாத்திரங்கள் இரண்டு நிறைந்திருப்பின், பாலின் எடை மட்டும் 41 கிலோவுக்கு மேலாகும். இப்பாரத்துடன் சறுக்கி விழுவோர் ஒரு வேளைப் பாலின் கிரயத்தை இழப்பதோடு நில்லாமல், மணிக்கட்டோ காறையெலும்போ முறிந்து, பல வாரம் கறவைக்கும் கழனிக்கும் உதவாதவராய் விடுதலும் உண்டு.

முதலாவது கவனிக்கத் தக்கது பிரேக்கு. இரும்பு வளையத்தை ரப்பர்க் கட்டைகள் பற்றும் வகைச் சைக்கிளில், மழைநீர் வளையத்தின் மேல் படிந்திருக்கும்போது பிரேக்கை அழுத்தியவுடன் பிடிப்பு உண்டாவதில்லை. கட்டைகள் முன்னர் நீரைத் துடைக்கின்றன; பின்னரே பற்றுகின்றன. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் 7 அடிக்குச் சற்று மேற்பட்ட தூரம் செல்லும். துடைப்பதிலேயே நான்கு சுற்றுக் கழியுமாயின், 29 அடி கடந்துவிடும். குறுக்கே ஓடிவந்த கன்றுக்குட்டி அதுவரை காத்திராது. ஆகையால் நிற்க வேண்டிய இடத்திற்கு வெகு முன்பே பிரேக்கை இலேசாக அழுத்தி வளையத்தைத் துடைத்துக்கொள்ளுதல் அவசியம்.

பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிப்பது அரிது. எனவே ஈரத்தில் முன்பிரேக்கைத் திடீரென்று இறுக்கலாகாது. வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் பிரேக்கைத் தொடாமலும் வண்டியை அதிகம் சாய்க்காமலும் திரும்ப வேண்டும். அரைகுறையாக நிரம்பிய பாத்திரம் இவ்விடத்தில் பொல்லாதது. உள்ளே அலையும் பால் வண்டியை ஒரு புறம் தள்ளும். ஒரு கையில் குடை பிடித்து ஓட்டும் வழக்கமும் விடத் தக்கதே. குடை பிடித்த கைக்கு உரிய பிரேக்கு அப்பொழுது இல்லாததற்குச் சமம். கோணிக் கொங்காணி போட்டுக்கொண்டால் இரு கைகளும் கைப்பிடியில் இருக்கும்.

பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் தூறலில், தார்ச்சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து, பெருமழையைக் காட்டிலும் அதிக வழுக்கலை உண்டாக்கும். ரயில் தண்டவாளத்தை நேர்குறுக்காகவே கடக்க வேண்டும். பாதை சாய்வாகக் கடக்குமிடத்தில் இறங்கித் தள்ளிச்செல்வது நலம். போரடிப்பதற்காகச் சாலையில் பரப்பி, நனைந்து கிடக்கும் வைக்கோலும் அத்தகையதே. கரிசல் மண் சக்கரத்திற்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடுமாதலால், அங்கே இறங்குவதைத் தவிர வேறு உபாயமில்லை. ஒரு குச்சி கையிலிருந்தால் சேற்றைத் தள்ள உதவும். தேங்கிய நீரின் அடியில் பள்ளம் இருப்பதாகவே எண்ணி விலகிச்செல்க.

டயரில் கல்லைப் போலக் காற்றடிப்பதே நன்றென்று பலர் கருதுகின்றனர். ஈரத்தில் காற்றைச் சிறிது குறைத்தால், டயர் தரையில் அதிகம் படிந்து பிடிப்புக் கூடும். ஆயினும் பாரம் ஏற்றிய வண்டிக்கு மிகவும் குறைத்தால் வளையம் மோதி ட்யூப் கிழிந்துவிடும். தேய்ந்து வழவழப்பான ரப்பர்க் கட்டைகளை மழைக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

வீடு திரும்பியதும் சங்கிலியைத் துணியால் துடைத்து எண்ணெய் இடுக. அவ்வெண்ணெய் ஒரு துளியும் சக்கர வளையத்தில் படலாகாது. பட்டால், மறுநாள் மழை இல்லாவிடினும் பிரேக்கு பிடிக்காது.