தூசி உறிஞ்சும் இயந்திரம்: எதை வாங்குவது?

செகந்திராபாத்தில் எங்கள் வீட்டுத் தரை தாண்டூர்க் கல். கம்பளம் ஒன்றுகூட இல்லை. இருந்தும் விலை மலிவென்று, கம்பளத்துக்கான சுழலும் பிரஷ் வைத்த நிமிர்ந்த வகை இயந்திரத்தை வாங்கி வந்தேன். அது தூசியை நாலாபுறமும் சிதறடித்தது. ஆஸ்துமா உள்ள என் மனைவி அன்றிரவு முழுவதும் உட்கார்ந்தே இருந்தாள்.

கல் தரைக்கு நீண்ட குழாயுள்ள உருளை வகையே போதும். இழுவிசையைவிட, உறிஞ்சிய காற்று எப்படி வெளியே வருகிறது என்று பாருங்கள். 'ஹெப்பா' வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களிலும் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் மூடி இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் தூசி இடுக்கு வழியே திரும்பிவிடும். சிந்திய தண்ணீரையும் உறிஞ்ச வேண்டுமா? 'வெட் அண்ட் டிரை' என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண வகையில் ஈரம் மோட்டாருக்கே போய்விடும்.

1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ், வீடு தேடி வந்து இயக்கிக் காட்டியே பெயர் பெற்றது. எந்த நிறுவனமானாலும், உங்கள் வீட்டுத் தரையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.