வெப்சைட் தொடங்கும் முன் ஒரு கூட்டம்



நம்ம பள்ளிக்கு ஒரு வெப்சைட் செய்யலாம் என்றதும், கம்ப்யூட்டர் மன்றத்தில் முதல் பக்கத்தில் எந்தப் படம் போடுவது என்றுதான் சண்டை போட்டோம். சார் கேட்டார்: "இதை யாருப்பா பார்க்கப் போறாங்க?" யாரிடமும் பதில் இல்லை.

உடனே ஒரு கூட்டம் வைத்தோம். சொதப்பல்! நானே மைக் பிடித்து அரை மணி நேரம் பேசினேன். பெற்றோர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். பின் பெஞ்சில் ஒரு அம்மா கடைசி வரை வாயே திறக்கவில்லை.

அப்போது சார் ஒரு உண்மைச் செய்தி சொன்னார். 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. முதலில் ஊர் மக்களோடு உட்கார்ந்து, அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்குத் தேவைப்பட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படை வெப்சைட்டிலிருந்து அதை எடுத்து ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில் சுனாமி எச்சரிக்கை சொன்னதும் அத்தகைய மையத்து ஒலிபெருக்கிதான். ஊரே உயிர் தப்பியது!

மறுபடி கூட்டம் வைத்தோம். இந்தத் தடவை செய்தவை:

1. எல்லாரையும் கூப்பிட்டோம். ஆபீஸ் அண்ணா, பழைய மாணவர்கள், காக்களூர் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் போகும் பெற்றோர். அவர்களுக்கு வசதியாக ஞாயிறு மாலை.

2. பேசும் முன் எழுத்து. ஆளுக்கு மூன்று துண்டுச் சீட்டு, ஐந்து நிமிடம். எழுத வராதவர் சொல்வதை ஒரு மாணவர் அப்படியே எழுதினார்.

3. சீட்டுகளைச் சுவரில் ஒட்டி, ஒரே விஷயம் சொல்பவற்றைச் சேர்த்தோம்.

4. ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர் பொட்டு. எது முக்கியமோ அதில் ஒட்ட வேண்டும். தலைமையாசிரியர் கடைசியில்தான் ஒட்டினார். அவர் முதலில் ஒட்டினால் எல்லாரும் அதிலேயே ஒட்டிவிடுவார்களே!

5. எதை, யார், எந்தக் கிழமை புதுப்பிப்பது என்று பெயரோடு எழுதி முடித்தோம்.

அதிகப் பொட்டு எதற்குத் தெரியுமா? அந்தப் பின் பெஞ்சு அம்மாவின் சீட்டுக்கு! "மழை லீவான்னு ஆறு மணிக்குள்ள தெரியணும். நான் ஷிப்டுக்குப் போயிடறேன். புள்ள நனைஞ்சுக்கிட்டு வந்து பூட்டின கேட்டைப் பாத்துட்டுத் திரும்புது." படிக்கும்போது ஹால் அமைதியாகிவிட்டது. படம் ஓடும் முதல் பக்கத்துக்கு விழுந்தது இரண்டே பொட்டு. அதில் ஒன்று என்னுடையது!

அந்த அம்மாவிடம் இருப்பது சாதாரண பட்டன் போன். அதனால் லீவு அறிவிப்பு வெப்சைட்டிலும் வரும், எஸ்.எம்.எஸ்.ஸாகவும் போகும். வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி மாதிரி!

நண்பர்களே, எதைச் செய்யத் தொடங்கினாலும் முதலில் கேட்போம். பேசாமல் இருப்பவரிடம் கட்டாயம் கேட்போம்!

— 11-ஆம் வகுப்பு மாணவன், கம்ப்யூட்டர் மன்றம், மணவாள நகர்