தோப்புக்கு அடித்த மருந்து, காட்டுப் பயிரில்

உடுமலை வட்டாரத்தில் வைகாசி முதல் ஆடி வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓயாது. அந்த நாட்களில் தென்னந்தோப்புக்குள் அடிக்கும் கிளைபோசேட் களைக்கொல்லி, கிழக்கே இருக்கும் மக்காச்சோளத்துக்கு வந்துவிடும். என் காட்டில் அப்படிப் பட்டபோது கற்றதைச் சொல்கிறேன்.

பட்ட அன்று எதுவும் தெரியாது. ஒரு வாரம் கழித்துக் குருத்து வெளுக்கும், வளர்ச்சி நிற்கும். துத்தநாகக் குறை என்று நினைத்து ஜிங்க் சல்பேட் வாங்குவதற்கு முன் காட்டைச் சுற்றி வாருங்கள். சத்துக்குறை என்றால் அங்கங்கே திட்டாகத் தெரியும். இலையின் நடுநரம்புக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை ஓடும். மருந்து பட்டிருந்தால் மேற்கு ஓரத்தில் கடுமையாகவும், உள்ளே போகப் போகக் குறைந்தும் இருக்கும். வரப்பிலுள்ள அருகும் கோரையும் சேர்ந்தே மஞ்சளாகும். எனக்கு அந்தக் கோரைதான் சாட்சி. பட்டது பாராகுவாட் களைக்கொல்லி என்றால் ஓரிரு நாளிலேயே பட்ட இடம் மட்டும் கருகும். அடுத்த இலை பச்சையாக வந்தால் பயிர் தேறிவிடும்.

உடனே உழுதுவிடாதீர்கள். பத்து நாள் பொறுத்துச் சில தண்டுகளை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். வளர்நுனி வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நம்பிக்கை உண்டு. பழுப்பாகிக் குழைந்திருந்தால் அந்தப் பயிர் போனதுதான். உரம் போட்டு மீட்க முடியாது. பாதித்த தட்டை மாட்டுக்குப் போடுமுன் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். தேதி தெரியப் படம் எடுத்து, வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

மருந்து அடிப்பவர்களுக்கு: துளி சிறுத்தால் காற்றோடு போய்விடும். பவர் ஸ்பிரேயரும், பூச்சிமருந்துக்கான கூம்பு நாசிலும் களைக்கொல்லிக்கு ஆகாது. விசிறி நாசில் போட்டு, அழுத்தத்தைக் குறைத்து, நாசிலைச் சுற்றிக் காப்பு மூடி மாட்டி, களைக்கு மேல் ஒன்றரை அடிக்குள் பிடியுங்கள். காற்று மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். இலையே அசையாத விடியற்காலையும் வேண்டாம்; அப்போது நுண்துளிகள் கீழே இறங்காமல் மிதந்து, பிறகு எங்காவது நகரும். கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆபரேட்டர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் அறிவித்ததையும் நினைவில் வையுங்கள்.

தோப்புக்கார அண்ணனிடம் சண்டைக்குப் போகாமல், மஞ்சளான கோரையைக் காட்டினேன். "காத்து அடங்கற வரைக்கும் இந்தக் கிழக்கு ஓரத்துக்கு மட்டும் மருந்து வேண்டாமுங்ணா. ஆள் வெச்சு வெட்டிக்கலாம், கூலில பாதி நான் தர்றனுங்" என்றேன். ஒப்புக்கொண்டார். மற்ற பக்கங்களுக்கு அடிப்பதானால் முந்தின நாளே போன் செய்துவிடுகிறார். போன விளைச்சலை நினைத்தால், அந்தப் பாதிக் கூலி எனக்குச் செலவே இல்லை.