காணா ஒளியும் கட்டடத் தொழிலாளரும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், மணப்பாறையை அடுத்து வையம்பட்டி என்னும் ஊர் உளது. வானம் பார்த்த நிலங்கள் சூழ்ந்த ஊர் அது. சித்திரைத் திங்களின் நண்பகலில், அங்கு எழுந்துவரும் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தை மனக்கண்ணால் காணுங்கள். கொத்தனார் முண்டாசு கட்டிக்கொண்டு செங்கல் அடுக்குகிறார். சும்மாட்டின்மேல் சாந்துச்சட்டியைச் சுமந்து பெண்கள் சாரத்தில் ஏறுகின்றனர். கம்பி கட்டுவோர் குனிந்த தலை நிமிராது பணிபுரிகின்றனர். வெம்மை மிகும்போது அவர்கள் நீர் பருகுவர். நிழல் தேடிச் சற்றே ஒதுங்குவர். வெம்மை தன் வருகையைத் தானே அறிவித்துவிடும். ஆனால், அதே ஞாயிற்றினின்று அறிவிப்பின்றி வரும் பகை ஒன்றுண்டு. அதுவே புறஊதாக் கதிர்.

1801ஆம் ஆண்டில், செர்மானிய நாட்டு அறிஞர் ரிட்டர் என்பார் ஞாயிற்றின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பல நிறங்களாகப் பிரித்தார். ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளி உப்பை ஒவ்வொரு நிறத்திலும் வைத்துப் பார்த்தார். ஊதா நிறத்திற்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் அவ்வுப்பு மிக விரைந்து கறுத்தது. கண்ணுக்குப் புலனாகாத கதிர் அங்குண்டு என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

இக்கதிர் மூவகைப்படும். அவற்றுள் மிகக் கொடியதை வளிமண்டலத்தின் ஓசோன் படலம் முற்றும் தடுத்துவிடுகிறது. அடுத்ததன் பெரும்பகுதியையும் தடுக்கிறது. எஞ்சியவை நிலத்தை வந்தடைகின்றன. ஞாயிறு உச்சியில் நிற்கும்போது, கதிர்கள் காற்றுவெளியைக் கடக்கும் தொலைவு குறைகிறது. அதனால் அவற்றின் வலிமை கூடுகிறது.

வையம்பட்டியில் சித்திரையில் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும் நண்பகல் ஞாயிறு தலைக்கு நேர்மேலே நிற்கும். சித்திரையின் வெம்மை ஆவணியில் இல்லை. ஆயினும், வானம் தெளிந்திருப்பின் புறஊதாவின் வலிமை அப்போதும் மிகுந்தே இருக்கும். மெல்லிய முகிலையும் அது ஊடுருவி வரும். ஆகவே, காற்றுக் குளிர்ந்துள்ளது என்பதற்காக அச்சமற்றிருத்தல் பிழையாகும்.

சிறிதளவு இளவெயில் உடலுக்கு நன்மையே. ஆனால், ஆண்டுக்கணக்கில் கடுவெயிலில் உழைப்போரின் தோலைப் புறஊதாக் கதிர் சிறுகச் சிறுகச் சிதைக்கும். சிலருக்குப் புற்றுநோயையும் விளைக்கும். 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 160 கோடி மக்கள் திறந்தவெளியில் பணிபுரிந்து இக்கதிருக்கு ஆட்பட்டனர் என்று உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2023இல் கணக்கிட்டுக் கூறின.

நம்மவர் தோலின் கருநிறம் ஓரளவு காப்பாக நிற்கிறது. ஆனால், அந்நிறம் கண்ணைக் காப்பதில்லை. நெடுங்காலம் இக்கதிர் படுவதால் கண்புரை தோன்றலாம். வெண்விழியினின்று சதை வளர்ந்து கருவிழிமேல் படரலாம். பார்வை மங்கினால், கொத்தனார் தூக்குக்குண்டின் நூலை எங்ஙனம் காண்பார்? சாரத்தில் அடி வைக்கும் இடத்தை எங்ஙனம் அறிவார்? கைத்தொழில் எனப்படினும் அவர் பிழைப்பு கண்ணை நம்பியே நிற்கிறது.

இதனைத் தடுக்கும் வழிகள் எளியவை. நம் நிழல் நம்மினும் குறுகித் தோன்றும் வேளையே கதிர் வலிமை மிகுந்த வேளை என்பது நினைவிற் கொள்ளத்தக்க எளிய அளவுகோல். அவ்வேளையில், தளத்தின்மேற் செய்யும் பணியை இயன்றவரை விடுத்து, உட்புறப் பணிகளை மேற்கொள்ளலாம். பணியிடத்தின்மேல் கீற்றோ துணியோ கொண்டு பந்தல் அமைக்கலாம். நெருங்க நெய்த முழுக்கைச் சட்டை தோலைக் காக்கும். முண்டாசு தலையைக் காக்குமேயன்றிக் கண்ணைக் காவாது. அகன்ற விளிம்புடைய தொப்பி கண்ணுக்கும் கழுத்துக்கும் நிழல் தரும். தலைக்கவசம் அணியவேண்டிய இடத்தில், அதனொடு விளிம்பும் பிடரித் துணியும் பொருத்திக்கொள்ளலாம். கண்ணாடி வாங்குவோர் அதன் கருமையை நோக்காது, புறஊதாவைத் தடுக்கும் தன்மையை நோக்குதல் வேண்டும். நிறமற்ற கண்ணாடியிலும் அத்தன்மை உடையவை உண்டு. வெல்டிங் பொறியிலும் கடும் புறஊதா எழுவதால், அப்பணி செய்வோர் முகக்கவசமின்றி அதனை நோக்கலாகாது. அருகிலிருந்து வேடிக்கை பார்ப்பதும் தீங்கே.

இவற்றையெல்லாம் தொழிலாளர் தாமே தேடிக்கொள்ளட்டும் என்று விடுதல் முறையன்று. நாட்கூலி பெறுவோர் வேலையை நிறுத்தி நிழல் தேட அஞ்சுவர். வேலை தருவோரே நேரத்தை மாற்றி, பந்தலும் காப்புப் பொருள்களும் அளித்தல் வேண்டும். பிறர்க்கு நிழலாகும் வீட்டை எழுப்புவோர், தாம் மட்டும் வெயிலில் கண்ணொளி இழப்பது நீதியாகுமா? ‘கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம்’ என்னும் பழமொழியை நாம் பலகால் கேட்டுள்ளோம். கண் கெடுமுன்னே சூரியனை அறிந்து நடத்தலே அறிவுடைமையாம்.